பின்னால் போகிற பாதி

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து காற்று. சுரங்கக் கழிவு கொட்டின சயனைடு மேட்டுத் தூசி ஜன்னல் கம்பியெல்லாம் வெள்ளையாக. இரண்டு முறை துடைத்தாயிற்று. இனி துடைக்க மாட்டேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

வாங்க வேண்டியது: பி.பி. மாத்திரை (இருவருக்கும்), நல்லெண்ணெய், பட்டாணி, வாக்கர் காலுக்கு ரப்பர் ஒன்று. மெடிக்கலில் ரப்பர் இல்லையாம். குடை ரிப்பேர்க்காரரிடம் கேட்க.

அவர் இன்றும் எழவில்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம். தண்ணீர் வந்த அன்று, டிரம்மை இழுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து, வாசல் படி தெரியாமல் மல்லாக்க விழுந்த மனிதர். இடது இடுப்பு எலும்பு. நான் இழுக்கிறேன் என்று சொன்னேன், கேட்டால்தானே. கோலாரில் ஆபரேஷன் செய்த டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எல்லாம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது, இனி நடப்பது அவர் பாடு என்றார். ஆடி மாதம் பூராவும் படுத்தே கிடந்தால் தசை வற்றிவிடும், அப்புறம் கட்டிலோடு சரி என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை தினமும் அரிசி களையும்போது ஞாபகம் வருகிறது. ஏன் அரிசி களையும்போது என்று தெரியவில்லை.

நடக்கப் பழக்க வரும் பெண் சௌம்யா. பங்காரப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள். கன்னடக்காரி, தமிழ் நம்மைப் போலவே பேசுவாள். அவள் வந்ததும் இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாக்கரைக் காட்டினால் பதில்: "முப்பது வருசம் கேஜுக்கு மணி அடிச்சவன் நானு. இப்ப என்னையே கேஜுக்குள்ள நிக்க சொல்றியா?"

சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு, கேஜ், இவர் மணி அடித்தால்தான் அசையும். சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் அந்த மிதப்பு மட்டும் குறையவில்லை.

ஜூலை 5, சனி

தூறல். துணி காயவில்லை. பாக்கியம் (எதிர் வீடு) முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தாள், அப்படியே இவரை எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனாள். கீரைக்கு நன்றி. உச்சுக் கொட்டலுக்கு இல்லை.

சௌம்யா இன்று வேறு வழி. வாக்கரை மூலையில் தள்ளிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "ஆண்ட்டி, நீங்க எதிர்ல நில்லுங்க. ரெண்டு கையும் புடிச்சிக்குங்க. அங்கிள் உங்க மூஞ்சப் பார்த்து முன்னாடி வரட்டும், நீங்க பின்னாடி போய்க்கினே இருங்க."

ஆச்சரியம், எழுந்தார். என் முழங்கைக்கு மேல் பிடித்தார். இரும்புப் பிடி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி எதிரும் புதிருமாக, கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதே இல்லை. தாலி கட்டும்போதுகூட உட்கார்ந்துதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுபத்தொரு வயதில் இது என்ன கூத்து.

சௌம்யா "ஸ்டார்ட்" என்றாள். நான் இடது காலை எடுத்து முன்னால் வைத்தேன். நேராக அவர் கட்டைவிரல் மேல்.

அவர் கத்தின கத்தலில் பாக்கியம் வாசலுக்கு வந்துவிட்டாள். நடக்க வைக்கிறாளா, இருக்கிற காலையும் ஒடிக்கிறாளா என்று என்னைப் பற்றி சௌம்யாவிடமே அவர் முறையீடு. அவள் சிரித்துவிட்டாள். மறுபடி முயன்றோம். மறுபடியும் என் கால் முன்னால்தான் போயிற்று. பின்னால் போ என்று தலை சொல்கிறது, கால் கேட்கவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

காரணம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். இங்கே எழுதலாம்.

எனக்கு டான்ஸ் தெரியும். வெள்ளைக்காரர்கள் ஜோடி ஜோடியாக ஆடுவார்களே, அந்த டான்ஸ். ஆனால் பாதிதான் தெரியும். ஆம்பளை ஆடுகிற பாதி. ஆம்பளை முன்னால் வருவான், பொம்பளை பின்னால் போவாள். நான் முன்னால் மட்டுமே வந்தவள்.

ஜூலை 6, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்தது. கறி எடுக்கவில்லை, அவருக்கு இன்னும் ஜீரணம் சரியில்லை. ரசம், அப்பளம். முகத்தைத் தூக்கிக்கொண்டு சாப்பிட்டார்.

நேற்றிலிருந்து டாரீன் ஞாபகம்.

மைன்ஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நானும் அவளும் ஒரே ஷிப்ட். ஆங்கிலோ இந்தியப் பெண். என் தோள் உயரம், வாய் மட்டும் என்னைவிட இரண்டு முழம் பெரியது. மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டி, அடுத்த ஷிப்ட் இறங்கும் வரை போர்டில் ஒரு விளக்கும் எரியாது. அந்த நேரம் பார்த்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைக் கிளப்புவாள். கிறிஸ்துமஸ் டான்ஸுக்குப் பழக அவளுக்கு ஜோடி வேண்டும். நான் உயரம். அதனால் நான் ஆம்பளை. இதில் என்னை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் அவள் வீட்டிலும் ஆடினோம். என் அப்பா அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர், வேலூர்ப் பக்கத்து முறைப்பு அப்படியே இருக்கும். அங்கே போவதற்கு அவர் போட்ட கண்டிஷன் ஒன்றுதான்: எந்த ஆம்பளையும் உன்னைத் தொட்டு ஆடக் கூடாது. தொடவில்லை. நானேதான் ஆம்பளை. அப்பா இதில் என்ன குற்றம் சொல்ல முடியும்?

அவள் வீட்டுக் கூடத்தில் சிவப்பு சிமென்ட் தரை. மெழுகுவத்தியைச் சுரண்டிப் போட்டு வழுக்க விடுவாள். அவள் அம்மா பிளேயரில் ரிகார்டு போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே திட்டுவார்: முதுகை நிமிர்த்து கனகா, நீதான் ஓட்டுகிறாய், அவள் வண்டி. என் வலது கை டாரீன் முதுகில். இடது கையில் அவள் கை. முன்னால், பக்கம், சேர். முன்னால், பக்கம், சேர். வால்ட்ஸ். மூலைக்கு வந்ததும் நான் லேசாகத் தோளைத் திருப்பினால் அவள் முழுசாகத் திரும்புவாள். அந்தச் சந்தோஷத்தை என்னவென்று எழுதுவது. காலையில் எழுந்ததும் ஞாபகம் வந்து சிரிப்பேன். சம்பளம் வாங்கின அன்றுகூட அவ்வளவு சிரித்ததில்லை.

மைன்ஸ் கிளப் ஹாலில் ஆடியது ஒரே தடவை. கிறிஸ்துமஸ் வாரத்து சாயங்கால டான்ஸ். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் சுரங்க ஷாப்டில் ஏதோ கோளாறு என்று வர முடியாமல் போய்விட்டான். அவள் அழுதாள். நான் டீ குடிக்க வந்தவள், பச்சைப் பட்டுப் புடவை. என் கையைப் பிடித்து நடுவில் இழுத்துவிட்டாள். பாண்டுக்காரர்கள் பார்க்கிறார்கள், துரைமார் வீட்டுப் பெண்கள் பார்க்கிறார்கள், புடவை கட்டின ஆம்பளையை. முந்தானையைச் செருகிக்கொண்டு முழு ஹாலையும் சுற்றி வந்தேன். யார் மேலும் இடிக்கவில்லை. அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம்.

அதற்கப்புறம் யாரோடும் ஆடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

குடை ரிப்பேர்க்காரரிடம் ரப்பர் கிடைத்தது. கொஞ்சம் பெரிசு. நூல் சுற்றிப் பொருத்தினேன்.

அவர் மூன்று நாளாக எழவில்லை. மிதிபட்ட கட்டைவிரல் சரியில்லை என்பது சாக்கு. தொடை போன மாதத்துக்கு இப்போது பாதி. குளிப்பாட்டும்போது பார்த்தேன்.

டாரீனுக்குப் போன் போட்டேன். கடல் கடந்து பெர்த்தில் மகனோடு இருக்கிறாள். கல்யாணமாகிப் போய் எத்தனையோ வருஷம், பேச்சு மட்டும் இந்த ஊர் சாம்பியன் ரீப்பை விட்டு நகரவில்லை. வீடியோவில் முகம் சுருங்கி, லிப்ஸ்டிக் அப்படியே. விஷயத்தைச் சொன்னேன். பின்னால் எப்படிப் போவது, உன் பாதியை எனக்குச் சொல்லிக் கொடு என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சொன்னாள்:

"இப்பத்தான் தெரியுதாடி? நீ ஜாலியா முன்னாடி வந்த. நான் எங்க போறேன்னே தெரியாம பின்னாடி போனேன். பின்னாடி சுவரா, பெஞ்சா, எவன் காலோ, எனக்கு இன்னா தெரியும்? உன் கை இருக்குதேன்னு போனேன், அவ்ளோதான்."

இத்தனை வருஷத்தில் இதை ஒரு நாளும் யோசித்ததில்லை.

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுப் பாடம் நடந்தது. இடுப்பிலிருந்து காலை எடு. விரல் முதலில், குதிகால் அப்புறம். குனிந்து தரையைப் பார்க்காதே. சமையலறையில் கிரைண்டர் மேல் இடித்தேன். அரிசி டின் மேல் இடித்தேன். அங்கே கூடத்துக் கட்டிலில் இவர் தூங்குவது போல் படுத்திருந்தார். இத்தனை சத்தத்தில் யார் தூங்குவார்கள்?

ஜூலை 10, வியாழன்

இடுப்பு வலி. என் இடுப்பு.

ஆனால் வருகிறது. பின்னால், பக்கம், சேர். நின்றுகொண்டே சப்பாத்தி தேய்க்கும்போது கால் தானாகப் பின்னால் போகிறது. பாக்கியம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, இன்னாக்கா, சாமி வந்துடுச்சா என்றாள். ஆடி பிறக்கப் போகிறது அல்லவா, கேட்பாள்.

ஜூலை 12, சனி

இதை முழுசாக எழுத வேண்டும்.

சௌம்யாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிக்கவில்லை. கண் விரிந்தது. நேராகப் போகலாம், பக்கத்தில் வைக்கலாம், ஆனால் ஆபரேஷன் கால் மேல் சுற்றித் திரும்பக் கூடாது என்றாள். சரி, திருப்பம் இல்லாத வால்ட்ஸ். தாளம் மட்டும் அவள் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. என் இரண்டு கையும் அவரிடம் மாட்டியிருக்குமே.

ஸ்டீல் டம்ளர், ஸ்பூன். வால்ட்ஸில் முதல் அடிக்குத்தான் அழுத்தம், அடுத்த இரண்டும் மெதுவாக. அதனால் சௌம்யாவுக்கு நான் சொல்லிக் கொடுத்தது: முதல் தட்டு டம்ளரில், டிங். அடுத்த இரண்டு மேசையில், டொக் டொக்.

அவரிடம் டான்ஸ் என்று சொல்லவில்லை. சௌம்யாவின் புது எக்சர்சைஸ் என்றேன். சத்தத்தைக் கேட்டு வாங்க என்றேன். எழுந்தார். பிடித்தார். டிங். காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். டொக் டொக். மறுபடி டிங். அசையத் தொடங்கியவர் மறுபடி நின்றார். ஒவ்வொரு டிங்குக்கும் ஆணி அடித்ததுபோல் நிற்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேணும்னே பண்றீங்க என்றேன். நான் பின்னால் போகப் பழகி இடுப்பு ஒடிந்து கிடக்கிறேன், உங்களுக்கு விளையாட்டா என்றேன்.

அவர் என்னைவிடச் சத்தமாக: "ஒரு மணி அடிச்சா நிறுத்தணும்! அது கூட தெரியாதா உனக்கு? இத்தினி வருசம் மைன்ஸ்ல உக்காந்து சம்பளம் வாங்கின?"

சௌம்யா ஒன்றும் புரியாமல் ஸ்பூனைத் தூக்கிப் பிடித்தபடி. எனக்குப் புரிந்துவிட்டது. கேஜ் ஓடும்போது ஒரு மணி என்றால் நில். முப்பது வருஷம் அடித்த கை, கேட்ட காது. மேசைமேல் டொக் டொக்கெல்லாம் அவருக்கு மணியே இல்லை. அவருக்குக் கேட்டது ஒன்று, ஒன்று, ஒன்று. நில், நில், நில். பாவம், எவ்வளவு ஒழுங்காக நின்றிருக்கிறார்.

ஆள் ஏறியாச்சு, கேஜ் கிளம்பலாம் என்றால் எத்தனை மணி என்று கேட்டேன்.

"மூணு," என்றார், கேட்பதே அவமானம் என்பது போல.

சௌம்யா, மூன்றையும் டம்ளரிலேயே அடி, ஒரே மாதிரி அடி என்றேன். டிங் டிங் டிங்.

முகவாய் நிமிர்ந்தது. பார்வை என் தலைக்கு மேலே எங்கோ, ஷாப்ட் வாயைப் பார்ப்பது போல. இடது காலைத் தூக்கி முன்னால் வைத்தார். நான் பின்னால் போனேன். பக்கம். சேர். டிங் டிங் டிங். பீரோவிலிருந்து டி.வி. வரை வந்துவிட்டோம். டி.வி.யில் என் முதுகு இடித்தது. சௌம்யா ஒரு டிங் அடித்தாள். நின்றார்.

அழுதேன். அவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். டி.வி. இடித்து வலிக்கிறது என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

காற்று, தூசி. தண்ணீர் வந்தது. பாக்கியத்தின் மகன் டிரம்களை நிரப்பிக் கொடுத்தான்.

இவர் காலையில் தானே கேட்டார்: எங்க அந்தப் பொண்ணு, மணி ஆவல? ஆகவில்லை. அரை மணி முன்னாலேயே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சௌம்யா வராத நாட்களில் நான் வாயாலேயே டிங் டிங் டிங். அம்மன் கோயில் மைக் வேறு அலறுகிறது, அதற்கு மேல் கத்த வேண்டியிருக்கிறது. பாக்கியம் இப்போது எதுவும் கேட்பதில்லை. நின்று பார்க்கிறாள்.

ஜூலை 20, ஞாயிறு

மகள் ஹேமா வந்தாள். பெங்களூரில் வேலை, ஞாயிறுதான் தோது. காலை ரயிலுக்கு வந்தவள் சொல்லாமல் உள்ளே நுழைந்துவிட்டாள். நாங்கள் கூடத்து நடுவில். அவர் கை என் தோளில், என் கை அவர் கையில், நான் டிங் டிங் சொல்லிக்கொண்டு. பை தோளில் தொங்க வாசலிலேயே நின்றாள். அம்மா, ரெண்டு பேரும் இன்னா பண்றீங்க என்றாள். எக்சர்சைஸ் என்றார் அவர், சட்டென்று. நான் டான்ஸ் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். உண்மையை இன்றுதான் கேள்விப்படுகிறாராம்! சமையலறையில் டாரீனோடு நான் போட்ட கூச்சல் முழுதும் அந்தக் கட்டில் வரை கேட்டிருக்கும்.

ஹேமா சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. வெங்காயம் என்றாள். வெங்காயமே இல்லை வீட்டில்.

மத்தியானம் கறிக்குழம்பு. இரண்டு முறை சோறு வாங்கினார்.

ஜூலை 24, வியாழன்

இப்போது பிடியே மாறிவிட்டது. முதலில் இரும்பு. இப்போது லேசாக, வெறும் விரல். குச்சி ஊன்றி பாத்ரூம் வாசல் வரை போகிறார். நான் கூடவே.

சௌம்யா இன்று சொன்னது நல்ல செய்தி இல்லை. முன்னால் நடப்பது போதாதாம். நாற்காலியில் உட்கார ஒரு அடி பின்னால் வைக்க வேண்டும், பாத்ரூமில் கதவைத் திறக்கப் பின்னால் போக வேண்டும். அது வராதவரை அவரைத் தனியாக விட முடியாது, விட்டால் மறுபடி விழுவார், இன்னொரு ஆபரேஷன் இந்த வயதில் தாங்காது. மெதுவாக அவரிடமே சொன்னாள். சொல்லிவிட்டு இடுப்பில் கை கொடுத்து, ஒரே ஒரு அடி பின்னாடி அங்கிள் என்றாள்.

அவர் முகம் வெளுத்துப்போனது. நான் பார்த்ததே இல்லை அப்படி. விழுந்த அன்றுகூட இல்லை. கையை உதறிவிட்டுக் கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஜூலை 28, திங்கள்

மழை. கூரை ஓர் இடத்தில் ஒழுகல், கீழே போசி வைத்திருக்கிறேன்.

நான்கு நாளாக எழவில்லை. டிங் டிங் டிங் சொன்னேன், காது கேளாதவர் போல. டம்ளரை எடுத்தேன். அதை உள்ளே வை என்றார்.

கோபம் கோபமாக வருகிறது. இவர் மேலா, அந்த வாசல் படி மேலா, தெரியவில்லை. முன்னால் மட்டும்தான் போவேன் என்றால் எப்படி? நானும்தான் எழுபத்தொரு வயது வரை முன்னால் மட்டும் போனவள். கற்றுக்கொள்ளவில்லையா? இதை அவரிடமே சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோசைக்கு ஊறவைக்க மறந்துபோனேன்.

ஜூலை 31, வியாழன்

சௌம்யா வந்தாள், பேசிப் பார்த்தாள், போனாள். வாசலில் என்னிடம், அவருக்கு வலி இல்ல ஆண்ட்டி, பயம், அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல என்றாள்.

சாயங்காலம் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். நீ இன்னாத்துக்கு இப்படி அலையற என்றார். மெதுவாகத்தான் கேட்டார். நீங்க எழுந்தா நான் ஏன் அலையறேன் என்றேன். எண்ணெய்க் கையோடு அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இவர் இல்லாத வீட்டை என்னால் நினைக்க முடியவில்லை. கட்டிலோடு கட்டிலாக இருந்தாலும் இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம் அப்படித் தோன்றியதற்கே என் மேல் எரிச்சல்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். ஹேமா வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். பாக்கியம் வீட்டோடு பேத்தமங்களா ஏரிக்கரைக்குப் போய்விட்டாள். தெருவே காலி. வெயில் நல்ல வெயில்.

மாலை 4 மணி இருக்கும். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டார். வந்து பார்த்தால் பீரோவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தானே எழுந்திருக்கிறார். குச்சி கட்டில் மேல். எனக்குத் திக்கென்றது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடி, எதிரில் நின்று கையைக் கொடுத்தேன். வழக்கம்போல் பின்னால் ஒரு கால் வைத்தேன். அவர் வரவில்லை.

"நீ முன்னாடி வா," என்றார். "நான் பின்னாடி போறேன்."

சௌம்யா வரட்டும், அவள் இருக்கும்போது செய்யலாம் என்றேன். தலையை ஆட்டினார். அப்புறம் சொன்னது, அப்படியே எழுதுகிறேன்:

"கல்யாணம் ஆன புதுசுல இருந்து பார்க்கறேன். நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து படுத்தா, நான் தூங்கறன்னு நெனச்சிக்கினு தொடப்பத்தப் புடிச்சிக்கினு கூடம் பூரா சுத்துவ. நான் அரைக்கண்ணுல பார்த்துக்கினு கெடப்பேன். ஒரு நாளும் நீ பின்னாடி போனதில்ல கனகு. அவ்ளோ சந்தோசமா முன்னாடி வருவ. இந்த ஒரு மாசமா எனக்கோசரம் பின்னாடியே போய்க்கினு இருக்கற. போதும்."

துடைப்பம் வரைக்கும் தெரிந்திருக்கிறது இந்த மனிதருக்கு. ஒரு வார்த்தை, ஒரு கேலி, இத்தனை வருஷத்தில் ஒன்றும் இல்லை. நான் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவேன் என்று பயந்தாராம்.

அவர் மேலுதட்டில் வியர்வை. பயமா இல்லீங்களா என்று கேட்டேன்.

"இருக்குது," என்றார். "என் முதுவுக்குப் பின்னாடி இன்னா இருக்குதுன்னு நீ பார்த்துக்கோ."

வலது கையை அவர் முதுகில் வைத்தேன். சட்டை நனைந்திருந்தது. அவர் தோளுக்கு மேல் பார்த்தேன். நாற்காலி ஓரமாக இருக்கிறது. வாசல் கதவு சாத்தியிருக்கிறது. படி இல்லை, பாய் இல்லை, ஈரம் இல்லை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

இடது காலை முன்னால் வைத்தேன். அவர் பின்னால் போனார்.